இடைவேளை மணிக்குக் கேற்றடியில் ஒரு குழந்தை

ஒரு மாணவி குழந்தை பெற்ற பிறகு மறுபடியும் வகுப்புக்கு வருகிறாள். அதை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் விட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. பயிற்சி வகுப்பில் ஒருமுறை கேட்டேன். பிள்ளையின் நலனை முன்வைத்து முடிவெடுங்கள் என்றார்கள். நலன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாததால்தானே கேட்டேன். ஆனால் அதைத் திருப்பிக் கேட்க எனக்கு அப்போது துணிவு வரவில்லை.

புதிதாக வழிகாட்டல் ஆசிரியர்களாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். இதை எழுத வேண்டியவள் நான் அல்ல. எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்த மூத்த ஆசிரியைகளில் சிலர் இடம்பெயர்ந்து போனார்கள், சிலர் கடல் கடந்து போனார்கள். சண்டைக்குள் இங்கேயே இருந்துவிட்ட ஒரே காரணத்தால் நான் மூத்தவள் ஆகிவிட்டேன். என் மகளுக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை. அவளை நான் குடியிருக்கும் ஓர்ஸ் ஹில்லில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்துதான் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகையால் இதை ஒரு மூத்தவளின் அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு எது உதவுமோ அதை எடுங்கள்.

அந்த மாணவியை வதனி என்று வைத்துக்கொள்வோம். வீடு இறக்கக்கண்டிக் கடற்கரையில். பத்தாம் வகுப்பில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள் ஒருநாள் வராமல் நின்றுவிட்டாள். ஊரில் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற கதை பரவிய காலம் அது. கலியாணம் கட்டிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பிய பெற்றோர்கள் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் அவசர அவசரமாகத் தாலி ஏற்றினார்கள். அவர்களைக் கோபித்துப் பேசாதீர்கள். என் மகள் அந்த வயதில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு வருடம் கழித்து வதனி என் அறைக்கு வந்தாள். யாருடையதோ ஒரு பெரிய சேலையை உடுத்தியிருந்தாள். கதிரை நுனியில் இருந்துகொண்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"ரீச்சர், நான் ஓ.எல். பரீட்சை எடுக்க வேணும்."

"வீட்டில இருந்து படிச்சு எடுக்க ஏலாதோ?"

"ஆர் சொல்லித் தாறது? அவருக்கு வலை மட்டும்தான் தெரியும். மாமிக்கு மீன். பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்தபோதுதான் அவள் எவ்வளவு சின்னப் பிள்ளை என்று தெரிந்தது.

அதிபரிடம் போனேன். அவர் நல்லவர், ஆனால் எந்த நாளில் யார் வந்து என்ன கேட்பார்கள் என்று பயந்து பயந்து பாடசாலை நடத்தியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வரட்டும். ஆனா கேற்றுக்கு உள்ளுக்கு வந்தா அவ மாணவி மட்டும்தான். தாலி வெளியில தெரியக் கூடாது. இந்தக் கதை வகுப்புக்குள்ள போகக் கூடாது. போனால், தாய் தகப்பன்மார் வந்து நிப்பினம். பிறகு அவவை என்னால வச்சிருக்க ஏலாது. விளங்குதோ?"

"ஓம் சேர்" என்றேன். அந்த ஓம் சொன்னதில்தான் மற்ற எல்லாம் தொடங்கியது.

அடுத்தது மாமியார். வீட்டுக்குப் போனபோது அவர் முற்றத்தில் இருந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"படிச்சு இவ என்ன, கப்பலோ ஓட்டப் போறா?"

"ஓட்டினா உங்களையும் ஏத்துவன் மாமி" என்றாள் வதனி, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

"பாத்தீங்களோ ரீச்சர் வாய? இந்த வாயைக் கேட்டு மயங்கித்தான் என்ர மோன் தொழிலுக்குப் போகாமக் கரையில நிண்டவன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் விடியச் சந்தைக்கு மீன் கொண்டு போறனான். இவ பள்ளிக்கூடம் போனா பிள்ளைய ஆர் பாக்கிறது? நீங்களோ?"

என் மகளையே இன்னொருவரிடம் விட்டு வந்தவள் நான். இதோடு முடிந்தது என்று எழும்பப் பார்த்தேன். வதனிதான் சொன்னாள்.

"மாமி, நீங்கள் போற சந்தை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலதானே. பிள்ளையையும் கொண்டு போங்கோவன். நானும் அதே பஸ்ஸிலதான் வருவன்."

"மீன் மணத்துக்குள்ளயோ?"

"இஞ்ச மட்டும் மல்லிகை மணமோ?"

மாமியார் கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தினார். "பால்?"

"இடைவேளைக்கு."

கடல் பக்கம் திரும்பினார். அவருடைய மகன் அன்று தொழிலுக்குப் போயிருந்தான். கடலில் எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத நாட்கள். "வீட்டில ஒராள் எண்டாலும் நாலு எழுத்துப் படிச்சு ஒரு வேலையில இருந்தா நல்லதுதான்" என்று தனக்குத் தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தினார். "மணி அடிக்கக்குள்ள நான் கேற்றடியில நிப்பன். பிந்தினீங்கள் எண்டா திரும்பிப் போயிடுவன். எனக்கு மீன் கெட்டுப் போகும்."

அப்படித்தான் ஒழுங்கு வந்தது. கழுவிக் காயவைத்த ஒரு ஐஸ் பெட்டிக்குள் பழைய சேலையை மடித்துப் போட்டு, அதற்குள் பிள்ளையைக் கிடத்தி, மாமியார் மீன் விற்றார். வதனி வெள்ளைச் சட்டையும் கழுத்தில் ரையும் இரட்டைப் பின்னலுமாக வகுப்பில் இருந்தாள். பஸ்ஸில் வரும்போது மஞ்சள் கயிற்றுத் தாலியைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டிருப்பாள். வழியில் அதுதான் அவளுக்குக் காவல். பாடசாலைக் கேற்றைக் கண்டதும் உள்ளே விட்டுக்கொள்வாள். வீட்டுக்குப் போகும்போது மறுபடியும் வெளியே.

வகுப்புக்கு என்ன சொல்வது? நான் ஒரு கதை கட்டினேன். இறக்கக்கண்டியிலிருந்து வரும் மீன்கார அம்மா ஒருவர், பேரப்பிள்ளையோடு களைத்துப் போகிறார், இடைவேளையில் என் அறையில் சற்று ஆறிவிட்டுப் போவார் என்று. அந்த நேரத்தில் வதனிக்கு என்னிடம் விடுபட்ட பாடங்களுக்கு விளக்கம் என்று. இரண்டையும் ஒன்றாக யாரும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் வேலை செய்கிற ஒருத்தி அப்படி நினைத்திருக்கக் கூடாது.

கதவைச் சாத்திவிட்டு வதனி பால் கொடுப்பாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் விஞ்ஞானப் புத்தகம். மாமியார் கதிரையில் இருந்து பணிஸ் தின்பார். பிள்ளை முதலில் சிணுங்கும்போது என் மார்பும் கனக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன். மாமியார் விடமாட்டார்.

"ரீச்சருக்கும் பால் வருகுது போல கிடக்கு. வெக்கப்படாதேங்கோ. இஞ்ச எல்லாம் மாடுகள்தான்."

எனக்கு அந்த நேரத்தில் ஒன்று உறுத்தும். எனக்குப் பிள்ளை பிறந்தபோது இதே பாடசாலை ஆசிரியைகள் கற்கண்டும் சட்டைத் துணியும் கொண்டு வந்து வாழ்த்தினார்கள். இவளுக்குக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

இப்படியே ஒரு தவணை போனது. பிறகு ஒருநாள் காலை துறைமுகப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. வகுப்பறை ஜன்னல்கள் அதிர்ந்தன. சிறிது நேரத்தில் வீதிகளை மூடிவிட்டார்கள். ஒருவரும் வெளியே போகக் கூடாது என்று அதிபர் கேற்றைப் பூட்டுவித்தார். பிள்ளைகளை எண்ணி எண்ணி வகுப்புகளுக்குள் இருத்தினோம். இடைவேளை மணி அடிக்கவே இல்லை.

வதனி என் அறை வாசலில் வந்து நின்றாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"ரீச்சர், பிள்ளை அழுறாள்."

"இஞ்ச இருந்து உமக்கு எப்பிடிக் கேக்கும்?"

புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். வெள்ளைச் சட்டை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பாடசாலை நேரத்தில், அப்படியான ஒரு நிலைமையில், ஒரு மாணவியைக் கேற்றுக்கு வெளியே கொண்டு போவது பிழை. ஏதாவது நடந்தால் அவளுடைய உயிருக்கு நான்தான் பொறுப்பு. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போகலாம். ஆனால் யாரோ ஒருத்தி வந்து அந்தப் பிள்ளையைத் தாருங்கள் என்றால், துப்பாக்கியோடு நிற்கிறவர்கள் தருவார்களா? போகாமல் இருக்கலாம். பிள்ளைக்கு மாமியார் தண்ணீரில் சீனி கரைத்துக் கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். நான் இந்த மூன்றையும் மாறி மாறி நினைத்தேன். வதனி புத்தகத்தை மறுபடியும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது.

"எட, இந்தப் பிள்ளைக்குப் பசி. நான் என்ன குண்டோ கொண்டு வந்தனான்? பால் குடிக்கிற பிள்ளை இது."

மாமியார் எப்படியோ எங்கள் தெரு முனை வரைக்கும் வந்துவிட்டார். கேற்றிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் தடையைப் போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் அவர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தோளில் பிள்ளை வீறிட்டது. அதிபரிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். ஆனாலும் போய்ச் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை. "சேர், தடை வரைக்கும் போயிட்டு வாறம்." அவர் வாயைத் திறப்பதற்குள் காவலாளியிடம் கேற்றைத் திறக்கச் சொல்லிவிட்டேன்.

தடையில் ஒரு பொலிஸ்காரி நின்றாள். வதனியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தமிழ் கொஞ்சம் தெரிந்தது.

"டீச்சர், ஸ்கூல் பிள்ளை எதுக்கு வெளியே? அந்தப் பிள்ளையோட அம்மாவை வரச் சொல்லுங்க."

"அம்மா இவதான்" என்றேன்.

அவள் வதனியைப் பார்த்தாள். ரை, இரட்டைப் பின்னல், வெள்ளைச் சப்பாத்து. "பொய் சொல்ல வேணாம் டீச்சர். இது ஸ்டூடன்ட்."

அடையாள அட்டை எடுக்கிற வயதுகூட வதனிக்கு அப்போதுதான் வந்திருந்தது, கையில் இருக்கவில்லை. கலியாணத்துக்கும் பதிவு இல்லை. வதனி ரையைத் தளர்த்திச் சட்டைக்குள் கைவிட்டுத் தாலியை வெளியே எடுத்துப் போட்டாள். பிறகு புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

பொலிஸ்காரி தாலியைப் பார்த்தாள். நனைந்த சட்டையைப் பார்த்தாள். பின்னால் நின்ற ஆண்களிடம் ஏதோ சொல்லி அவர்களை அந்தப் பக்கம் திரும்பச் செய்தாள். பிள்ளையை மாமியாரிடமிருந்து தானே வாங்கி, தடைக்கு மேலால் வதனியிடம் கொடுத்தாள். மாமியாரை மட்டும் விடவில்லை.

"ரீச்சர், தலையில வெயில் படாமப் பாருங்கோ" என்று மாமியார் கத்தினார். "பால் குடுத்தாப் பிறகு முதுகில தட்டி ஏவறை எடுக்க வைக்க மறந்துபோடுவாள், சொல்லுங்கோ."

திரும்பியபோதுதான் மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்தேன். ஒன்றில்கூட இடம் இல்லை. பாடசாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நடுத் தெருவில், சீருடையில், தாலி வெளியே தொங்க, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வதனி நடந்தாள். பிள்ளையைக் காப்பாற்றி அவளுடைய படிப்பைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அறைக்குள் வந்து அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். திறந்தேன். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். முன்னால் நின்றவள் றஜனி, வாய்க்காரி. அவளிடம் நான் பயந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

"வதனிக்குத் தண்ணி கொண்டு வந்தனாங்கள் ரீச்சர். பால் குடுத்தாத் தண்ணி விடாய்க்குமாம். அக்கா சொன்னவ."

"உங்களுக்கு..." என்று தொடங்கினேன்.

"முதல் கிழமையே தெரியும் ரீச்சர்" என்றாள் றஜனி. "விளக்க வகுப்புக்குப் போய் வாறவளின்ர தோளில பால் கக்கின கறை இருந்தது. கணக்குப் படிச்சா அப்பிடி வருமோ?"

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வதனி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்ப ஏனடி ஒருத்தரும் சொல்லேல்ல?"

"நீ மறைக்கிறாய், நாங்கள் ஏன் கேக்கிறது? பாடம் தொடங்கினாப் பிறகு நீ வந்தா, நானும் வெளியில நிண்டு, ரெண்டு பேரும் தண்ணி குடிக்கப் போனனாங்கள் எண்டு சொல்லுவன். உனக்காக நான் எவ்வளவு தண்ணி குடிச்சிருக்கிறன் தெரியுமோ?"

ஒரு தவணை முழுக்க நாங்கள் பிள்ளைகளிடம் மறைத்தோம். பிள்ளைகள் எங்களிடம் மறைத்தார்கள். வதனி மட்டும், யாரும் அறியமாட்டார்கள் என்று நம்பி, யாரிடமும் மனம்விட்டுப் பேசாமல் தனியே இருந்திருக்கிறாள். முதல் நாளே சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தத் தனிமை இருந்திராது. ஆனால் நான் எழும்பி நின்று சொல்லியிருந்தால், அதே பிள்ளைகள் அவளை இப்படிக் காப்பாற்றியிருப்பார்களா? தாங்களாகக் கண்டுபிடித்ததாலேயே அது அவர்களுடைய பொறுப்பு ஆனதோ என்னவோ. இரண்டு பக்கமும் யோசித்துக் களைத்துவிட்டேன்.

அதிபர் சொன்னபடியே பெற்றோர் வந்தார்கள். மூன்று தகப்பன்மார். அதிபர் என்னையும் கூப்பிட்டார்.

"எங்கட பிள்ளையளும் இதைப் பாத்துப் பழகிப்போடும்" என்றார் ஒருவர். "இது பள்ளிக்கூடமோ, பிள்ளைப்பெறு ஆஸ்பத்திரியோ?"

இன்னொருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் இரண்டு கிழமைக்கு முன் என் அறையில் இருந்து அழுதிருந்தாள். வீட்டில் தனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வயது பதினைந்து என்று. அந்த ஒரு வசனத்தை நான் அங்கே சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது அவள் என்னிடம் வைத்துவிட்டுப் போன வார்த்தை. உங்களிடம் ஒரு பிள்ளை சொன்னதை, எவ்வளவு நல்ல காரியத்துக்காகவும் இன்னொரு பிள்ளைக்காகச் செலவழிக்காதீர்கள். இதை மட்டும் நான் தயக்கம் இல்லாமல் சொல்வேன்.

எனக்குத் தெரிந்த அளவில் வேறொன்றைச் சொன்னேன்.

"ஐயா, வதனியை நிப்பாட்டினால் அதையும் உங்கட பிள்ளையள் பாப்பினம். கலியாணம் கட்டினாப் படிப்பு முடிஞ்சுது எண்டு பழகுவினம். நாளைக்கு அவையளில ஒருத்திக்கு அவசரமா ஒண்டு நடந்தா, இஞ்ச திரும்பி வரலாம் எண்டு தெரியாமப் போயிடும்."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி அதிபரிடம் சொன்னார். "அந்தப் பிள்ளை வரட்டும் சேர்."

மற்ற இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் கேட்கவில்லை. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்கள் போன பிறகு என்னிடம், "இனி அந்தக் கதவைச் சாத்திச் சாத்தித் திறக்க வேண்டாம். காத்து வரட்டும்" என்றார். அது அவருடைய முறையில் ஒரு அனுமதி. அந்த மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை அந்த வருடம் விட்டுவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். என்னால்தான் என்று சொல்லமாட்டேன்.

வதனி பரீட்சை எழுதினாள். எழுதிய நாட்களில் மண்டபத்துக்கு வெளியே மர நிழலில் மாமியார் பிள்ளையோடு இருந்தார், மீனை விட்டுவிட்டு. பெறுபேறு வந்தபோது தமிழிலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி. கணக்கு தப்பினேன் பிழைத்தேன் என்று வந்தது. உயர்தரம் படிக்கப் போகிறேன் என்கிறாள். கணவனும் சம்மதம். அதிபர் இடம் வைத்திருக்கிறார்.

போன கிழமை மாமியார் என் அறைக்கு வந்தார். பிள்ளை தோளில் இல்லை. அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைக் கண்டதும் சேலையை விட்டுவிட்டு, கைகளை விரித்து, தள்ளாடித் தள்ளாடி அலுமாரி வரைக்கும் நடந்துபோனது.

"பாத்தீங்கள்தானே" என்றார் மாமியார், பெருமையும் முறைப்பாடுமாக. "இவள் இனிப் பெட்டிக்குள்ள கிடக்கமாட்டாள். நேற்று நான் பாரை மீன் வெட்டிக்கொண்டு நிக்கக்குள்ள கத்திக்குக் கீழ வந்து நிக்கிறாள். அதுக்கு முதல் நாள் றோட்டுக்கு இறங்கீட்டாள், பக்கத்தில முட்டை விக்கிற கிண்ணியா ஊர் முஸ்லிம் நானாதான் ஓடிப்போய்த் தூக்கினவர். கிடக்கிற பிள்ளைய எவ்வளவு நாளும் பாப்பன் ரீச்சர். நடக்கிற பிள்ளையையும் மீனையும் ஒண்டாப் பாக்க எனக்கு ஏலாது."

அவர் சொல்வது சரி. பாலர் பாடசாலையில் இந்த வயதில் சேர்க்கமாட்டார்கள். என் மகளைப் பார்க்கும் அக்காவுக்கு ஒன்றுக்கு மேல் முடியாது. வதனியின் தாய் வீடு தூரம், பாதையும் எந்த நாளில் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பாடசாலையில் ஒரு அறையை ஒதுக்கலாம் என்றால் பார்க்க ஆள் வேண்டும். அடுத்த தவணை இவளைப் போல இன்னும் இரண்டு பேர் வரக்கூடும் என்று வேறு கேள்விப்படுகிறேன். உயர்தர வகுப்பு தொடங்க இன்னும் அதிக நாள் இல்லை. உங்களில் யாருடைய பாடசாலையிலாவது, நடக்கத் தொடங்கிய பிள்ளையை எங்கே விட்டுத் தாயை வகுப்பில் இருத்துகிறீர்கள்? செய்து பார்த்ததைச் சொல்லுங்கள், சரிவராமல் போனதையும் சொல்லுங்கள். எழுத நேரம் இல்லாவிட்டால், இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது சொல்லி அனுப்பினாலும் போதும்.